ஒன்றா, ஏழா?

கணக்கப்பிள்ளை அய்யா, உங்கள் கையெழுத்தால்தான் இன்று எனக்கு அரைப்பேர் விழுந்து, பாதிச் சம்பளம் போனது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், பலகையில் நீங்கள் எழுதிய ஏழு ஒன்றைப் போல இருந்தது. நான் ஏழாம் மலைக்குப் போகாமல் ஒன்றாம் மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்தேன்.

பலகையின் ஈரச் சோக்கட்டி வாசம் என்னைச் சின்ன வயதுக்கு இழுத்தது. அன்றும் இதே குழப்பம். அம்மா கூடையோடு அன்றைய கணக்கப்பிள்ளையிடம் நேராகப் போனாள்.

“இது ஒன்னாங்க, ஏழாங்க? கோழி கிளறுன மாதிரி இருக்கு. சோக்கட்டிய இப்படிக் குடுங்க.”

7 என்று பெரிதாக எழுதி, நடுவில் குறுக்குக்கோடு போட்டாள். பெண்கள் சிரித்தார்கள். அதன்பின் அவரும் அப்படியே எழுதினார், யாரும் மலை மாறிப் போகவில்லை.

உங்களாலும் அப்படி எழுத முடியும். நாளைப் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: எனக்கு அரைப்பேரா, முழுப்பேரா?