போறப்போ நீ, வர்றப்போ நான்

முருகையனின் ஷேர் ஆட்டோவுக்கு பிரேக் உண்டு, அவர் வாய்க்குத்தான் கிடையாது. பதினாறு வருடமாக லஸ்ஸுக்கும் தி.நகருக்கும் ஓட்டுகிறார். பெண்களுக்குப் பேருந்தில் இலவசம் என்று ஆன பிறகு வண்டியில் பாதி சீட் காலி. அந்தத் திட்டம் நல்லது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் கத்துவார். ஸ்டாண்டில் இரண்டு பேர் அவரோடு டீ குடிப்பதையே விட்டுவிட்டார்கள். மனைவி தேவானை மட்டும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். இவருக்காவது நம் நியாயம் புரிகிறதே என்று முருகையனுக்கு நிம்மதி.

ஒருநாள் ஆத்திரத்தில் வண்டிக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டினார்: 'ஓசிப் பயணமா? பின்னால் பஸ் வருது.'

மறுநாள் காலை லஸ்ஸில் ஹாஜிரா பீ அதை நின்று படித்தார். தி.நகர் தையல் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பவர், முருகையன் வயதுதான். முட்டிவலியால் பஸ் படி ஏற முடியாமல் பல வருடமாக இந்த வண்டியில் வருகிறவர். அன்று ஏறவில்லை.

"இன்னாண்ணா இது? இந்த ஓசி பஸ்ஸுக்காகவே ஓட்டு போட்டவ நானு. எங்க மருமக மெஹக்கு பஸ்ஸுலதான் கிண்டிக்கு வேலைக்குப் போறா. நான் ஏறலாமா, கூடாதா?"

முருகையன் அவசரமாக இறங்கி வந்தார். "உன்னச் சொல்லல ஹாஜிராம்மா. ஏறு, பேசிக்கலாம்."

"நீ எங்க பேச வுடுவ? போறப்போ நீ பேசு, நான் வாயத் தொறக்க மாட்டேன். வர்றப்போ நான் பேசுவேன், நீ தொறக்கக் கூடாது. சரின்னா ஏறுறேன்."

யாரும் குறுக்கே வராததால் ஆழ்வார்பேட்டை தாண்டுவதற்குள் முருகையனின் சரக்கு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உள்ளதைச் சொன்னார். காலி சீட்டைப் பார்த்தால், தான் இனி யாருக்கும் வேண்டாமோ என்று தோன்றுகிறதாம்.

மாலையில் ஹாஜிரா பீயின் முறை. மெஹக் இரண்டு வருடம் வீட்டிலேயே அடைந்து கிடந்ததையும், இப்போது யார் கையையும் எதிர்பார்க்காமல் கிளம்புவதையும் சொன்னார். முருகையன் மூன்று முறை வாயைத் திறக்கப்போனார், மூன்று முறையும் ஹாரன் அடித்துச் சமாளித்தார். இறங்கும்போது ஹாஜிரா பீ, "கவருமெண்டு உங்க பொழப்புக்கும் எதுனா பண்ணிருக்கணும். அத நான் யோசிக்கல" என்றார். அப்படி ஒரு வார்த்தையை முருகையன் யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. ஸ்டிக்கரை நகத்தாலேயே சுரண்டி எடுத்தார்.

பத்து வாரம் ஓடியது. இரண்டு பேரும் தங்கள் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் பேச்சு நிற்கவில்லை. இந்த ஒப்பந்தத்தைப் பற்றி முருகையன் வீட்டில் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டே தேவானை கேட்டார்: "அப்போ நான் ஒண்ணு சொன்னா, நடுவுல பேச மாட்டியே?"

"சொல்லு."

"அடையாறுக்கு சமையல் வேலைக்கு பக்கத்து வூட்டு சரோஜாதேவி ஸ்கூட்டில போறேன்னது பொய்யி. மூணு வருஷமா பஸ்ஸுலதான் போய்க்கினு கீறேன். நீ பாத்துட்டா கத்துவியேன்னு ஒரு ஸ்டாப் தள்ளி நடந்துபோய் ஏறுவேன். மழைலயும்தான்."

முருகையனுக்குச் சுர்ரென்று ஏறியது. அடிப்பதற்கு ஹாரனும் இல்லை. சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். இத்தனை வருடம் ஆடிய தலை ஒப்புக்கொண்டு ஆடவில்லை, பயந்து ஆடியது. அது புரிந்ததும் வெட்கத்தில் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பேசி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"இனிமே அந்த ஒரு ஸ்டாப்பு நடக்காத."

மறுநாள் தன் வண்டியிலேயே தேவானையை மந்தைவெளி பஸ் ஸ்டாப்பில் இறக்கினார். "திட்டம் தப்புதான், அதுல மாத்தமில்ல. பஸ் வர்றவரைக்கும் என் முறை" என்று தொடங்குவதற்குள் பஸ் வந்துவிட்டது. "சாயங்காலம் சொல்லு, கேக்குறேன்" என்று சிரித்துக்கொண்டே ஏறினார் தேவானை.

லஸ்ஸில் ஹாஜிரா பீ வந்து உட்கார்ந்ததும் முருகையன் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஹாஜிராம்மா. பயப்படாம தேவானை என்னாண்ட மனசுவுட்டுப் பேசிச்சு. உன்னாலதான். ரொம்ப நன்றிம்மா."

போகும்போது பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். ஹாஜிரா பீ துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தி.நகர் வரும்வரை வாயைத் திறக்கவில்லை.