முடிச்சவிழ்ந்த அண்டம்

தையல் டீச்சர் கண்காட்சி மேஜைமேல் வைத்த அந்த அரக்குச் சிவப்புச் சுங்குடித் துணி, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் அத்தனை அழகாக இருந்தது. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கேட்டிருந்தது முடிச்சோடு இருக்கும் துணியை.

திண்டுக்கல்லில் அறிவியல் கண்காட்சி, ஆசிரியர்களுக்கான பிரிவு. வடமதுரையில் இருக்கும் எங்கள் பள்ளியிலிருந்து வருடம் தவறாமல் சொட்டுநீர்ப் பாசனம்தான் போகும். இயற்பியலுக்குப் புதிதாகச் சேர்ந்த நான், இந்த முறை அண்டத்தைக் காட்டுகிறேன் என்று தலைமையாசிரியரிடம் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தேன். "சொதப்புனா இனிமே வானத்துப் பக்கமே போகக் கூடாதும்மா" என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

என் திட்டம் எளியது. சுங்குடிக்கு, துணியில் நூலால் நூற்றுக்கணக்கில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள்; கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி விழும். காய்ந்தபின் இருவர் இருபுறமும் பிடித்துச் சுண்டி இழுத்தால் படபடவென்று முடிச்சவிழ்ந்து, சுருண்டு கிடந்த துணி விரிந்துகொள்ளும். அண்டமும் பிறந்த கணத்தில் அப்படித் திடீரென்று விரிந்தது என்கிறார்கள். அதற்குப் பெருவீக்கம் என்று பெயர். தையல் டீச்சர் சின்னாளபட்டிக்காரர், சுங்குடிக் குடும்பம். அவரிடம் கேட்டதுதான் தப்பு. அரைகுறை வேலையைச் சபையில் வைக்க மனசு வராமல், முந்தின நாளே அவிழ்த்து, அலசி, தேய்த்தும் கொண்டுவந்துவிட்டார்.

"முடிச்சோட வச்சா எங்க வீட்டு வேலைய நாலு பேரு என்ன சொல்லுவாக டீச்சர்?" என்றார். அதற்குள் நடுவர் வந்து நின்றார்.

ஏதோ உளறிப் பெருவீக்கத்தை விளக்கினேன். "அதை யாரும்மா பாத்தது?" என்றார் நடுவர். நான் வாயெடுப்பதற்குள் தையல் டீச்சர் துணியை உதறி விரித்தார். "முடிச்சப் பாக்கணுமாக்கும்? இம்புட்டுப் புள்ளி இருக்குல்ல சார். கட்டி அவுக்காம புள்ளி எப்படி விழும்?"

அசந்துபோனேன். வானியலாளர்கள் செய்வதும் அதுதானே! முடிச்சை அவர்களும் பார்த்ததில்லை; அண்டம் பிறந்த காலத்து ஆதி ஒளியில் பதிந்திருக்கும் நுண்ணிய புள்ளிகளை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். தெம்பு வந்துவிட்டது. வேகம் தணிந்த அண்டம் வெகுகாலம் கழித்து மறுபடி வேகமெடுத்து விரிவதையும், அதற்குக் காரணமாக இருண்ட ஆற்றல் என்று ஒரு பெயர் வைத்திருப்பதையும் சொன்னேன். நடுவர் விடவில்லை. "அப்ப இழுத்ததும் இப்ப இழுக்குறதும் ஒரே சக்திதானா?"

ஆமாம் என்று அடித்துவிட வாய் வரை வந்தது. எங்களோடு வந்திருந்த தலைமையாசிரியரும் பக்கத்திலேயே நின்றார். "தெரியாது சார். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமா, இல்ல வேற வேறயான்னு இன்னும் யாருக்குமே தெரியாது" என்றேன்.

பரிசு கிடைக்கவில்லை. திரும்பும் பஸ்ஸிலிருந்து வடமதுரையில் இறங்கும்போது தலைமையாசிரியர் சொன்னார்: "அடுத்த வருசமும் இதையே வைங்க. ஆனா அந்தக் கேள்விக்கு விடையோட வரணும்."

நாலைந்து வருடங்கள் ஆகிவிட்டன. இருண்ட ஆற்றலே வலுக் குறைகிறதோ என்று இப்போது சிலர் சந்தேகப்படுகிறார்கள். குழப்பம் கூடியதே தவிர விடை வரவில்லை. விடை வரும்வரை தலைமையாசிரியரும் விடுவதாயில்லை; நானும் தையல் டீச்சரும் வருடந்தோறும் விடையில்லாமல் அவரோடு போய் வருகிறோம், எனக்கு அதில் அத்தனை சந்தோஷம். போன மாதம் ஏதோ புதுச் செய்தியைப் படித்துவிட்டுத் தையல் டீச்சரிடம் ஓடினேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்டுபிடிச்சுட்டாகளா? ஐயோ டீச்சர், ஹெட்மாஸ்டர் காதுல போட்டுராதீங்க. அப்புறம் நம்மள எங்க கூட்டிட்டுப் போவாரு?"