முட்டைக் கட்டோடு மலை ஏறியது

பெரியவனே, சின்னவனே, பாப்பா, மூணு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். நான் அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் போனவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள். நீங்கள் காலையில் பஸ் ஏறித் திருப்பதி போய், சாயந்திரம் லட்டோடு வீடு திரும்புகிறவர்கள். நாங்கள் நகரியிலிருந்து நடந்தே போன கதையில் உங்கள் அம்மா சொன்ன பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது.

அப்போது பெரியவனுக்கு மூணு வயசு. மற்ற இரண்டு பேரும் பிறக்கவில்லை. பெரியவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ஜுரம் வந்து, இறங்குவேனா என்றது. உங்கள் அம்மா வேண்டிக்கொண்டாள். சும்மா வேண்டவில்லை, பத்திரம் எழுதுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டினாள். ஊரிலிருந்து நடந்தே வருவோம். வழியில் யார் வீட்டுக்குள்ளும் படுக்க மாட்டோம். அலிபிரியிலிருந்து மலை உச்சி வரைக்கும் அப்பன்தான் பிள்ளையைச் சுமந்து வருவான். பிள்ளையின் கால் ஒரு படியிலும் படாது. அப்படிக் கொண்டுவந்து முடி இறக்குவோம். மறுநாளே ஜுரம் விட்டது. அதனால் சொன்னதில் ஒரு வார்த்தை குறையக்கூடாது என்று அவள் கெட்டியாக இருந்தாள். பெரியவனே, அதுவரை உன் முடியில் கத்தி படவில்லை. உனக்கு ரெட்டை ஜடை. தெருவில் புதிதாக வருகிறவர்கள் எல்லாம் உன்னைப் பெண் பிள்ளை என்றே கொஞ்சினார்கள்.

திருத்தணி மெட்ராஸ் பக்கம், நகரி ஆந்திரா பக்கம் என்று முடிவான வருஷம் அது. உங்கள் மாமன் ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது, நம் ஊர் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. முடி இறக்கும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டுமே. அவரும் வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, வேறு ராஜ்யத்திலிருந்து வந்திருக்கிறேன், மரியாதை பலமாக இருக்கட்டும் என்றார். மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை, ஒரு மூட்டைப் புளிசோறு, ஒரு கேழ்வரகு மாவுப் பை, ஒரு குண்டான். என் தறியில் அறுத்த எட்டு கஜம் முரட்டுத் துணி ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். புரட்டாசியில் எப்போது தூறும் என்று சொல்ல முடியாது. மரத்துக்கு மரம் கட்டிவிட்டால் தலைக்கு மேல் ஒரு மறைப்பு. துணி கூரை ஆகுமா என்று உங்கள் அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, குடை மாதிரிதானே என்று விட்டுவிட்டாள்.

முதல் நாள் நடை புத்தூர் வரைக்கும். ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் தங்கினோம். காவல்காரர் நல்லவர், காய்ந்த சுள்ளி பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். உங்கள் அம்மா மூணு கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். நான் துணி கட்ட மரத்தில் ஏறினேன். ஏறினேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. படுத்திருக்கிற மாட்டின் முதுகு உயரம்தான் அந்தக் கிளை. கால் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது.

மச்சான், அதான் உங்கள் மாமன், ஓடிவந்து தூக்கினார். என் முகத்தைப் பார்த்தார், வீக்கத்தைப் பார்த்தார்.

"எடம் பாத்துதான் விழுந்துகீற மாப்ள. விழறவன் புத்தூர்லதான் விழணும்."

எலும்பு முறிந்தால் புத்தூருக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிற காலம் அது. நான் வண்டிச் செலவே இல்லாமல் வந்து விழுந்திருந்தேன். பொழுது சாய்வதற்குள் கட்டுப் போடுகிற ஒருவரிடம் போய்விட்டோம். அவர் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் பேசிக்கொண்டே கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். நான் கத்திய கத்தலில் பெரியவன் கைதட்டிச் சிரித்தான். முறிவு இல்லை, பிசகுதான் என்றார். அரைத்த பச்சிலையைப் பூசினார். பிறகு இரண்டு கோழி முட்டையை எடுத்து உடைத்து, வெள்ளைக்கருவைத் துணியில் ஊற்றி, அதைச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

முட்டை உடைகிற சத்தம் கேட்டதும் நாங்கள் மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஒரு மாசமாக வீட்டில் கவுச்சி கிடையாது. விரதம் இருந்து மலைக்குப் போகிறவன் கையில் முட்டை.

மச்சான் மெதுவாக அவரிடமே கேட்டுவிட்டார். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "வருஷா வருஷம் மலைக்குப் போறவங்களுக்குக் கட்டிக்கினுதான் இருக்கறேன். எவனையும் சாமி திருப்பி அனுப்பல. பதினஞ்சு நாளு தண்ணி படக்கூடாது, இந்தக் கையில பாரம் தூக்கக்கூடாது. அதப் பாரு."

தோப்புக்குத் திரும்புகிற வழியெல்லாம் உங்கள் அம்மா பெரியவனை இடுப்பில் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு முட்டை பெரிதில்லை, பாரம்தான் பெரிது. அடுப்பை ஊதிக்கொண்டே முட்டைக்கு மட்டும் ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"வாயில போனாத்தான் துன்ன மாதிரி. கைக்கு இன்னா, வாயா இருக்குது?"

அதோடு அந்த வழக்கு முடிந்தது. அடுத்த வழக்கை மச்சான் எடுத்தார். மலையில் பிள்ளையைத் தான் தூக்கிக்கொள்வதாகச் சொன்னார். தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா என்றார்.

"நான் அப்பன்னு சொல்லிக்கீறேண்ணா. மாமன்னு சொல்லல."

"சாமிக்கு ஒடிஞ்ச கை தெரியாதா?"

"தெரியும். ஆனா எம்புள்ளய அவரு சொன்னபடி குடுத்துட்டாரு இல்ல?"

மச்சான் குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் களியை உருட்டி விழுங்கினேன்.

இரண்டாம் நாள் வடமாலப்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு ஏரிக்கரை. அங்கே மணல் பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. பெரியவனே, நீ உருண்டு உருண்டு மாமனை உதைக்கிறவன். மச்சான் ஒரு குச்சியை எடுத்து மணலில் நீளமாகக் கோடு கிழித்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் மெட்ராஸ், அந்தப் பக்கம் ஆந்திரா, இனிமேல் யாரும் தாண்டக்கூடாது என்றார். விடிந்து பார்த்தால் நீ மெட்ராஸில் மாமன் வயிற்றின் மேல் கால் போட்டுத் தூங்குகிறாய். கோட்டையே காணோம். உன் ஜடைதான் அழித்திருக்கிறது. இதற்குப் போய் இத்தனை வருஷம் மீட்டிங் போட்டார்களே என்றார் மச்சான்.

மூன்றாம் நாள் ரேணிகுண்டா தாண்டி, ரயில் சத்தம் கேட்கிற ஒரு வேர்க்கடலைக் காட்டு ஓரம். அதற்குள் முட்டை தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு நாய் எங்கிருந்தோ வந்து என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. நான் எழுந்து போனால் அதுவும் எழுந்து வந்தது. வழியில் எங்களோடு சேர்ந்துகொண்ட சோளிங்கர்க்காரர்கள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துப் பார்த்து உட்கார்ந்தார்கள். மச்சான் அந்த நாய்க்கு மாப்ள என்றே பெயர் வைத்துக் கூப்பிட்டார்.

நாலாம் நாள் விடியற்காலை அலிபிரி. உங்கள் அம்மா கேட்காமலே நான் வழி யோசித்து வைத்திருந்தேன். எட்டு கஜம் துணியை நாலாக மடித்து, பெரியவனை முதுகில் வைத்து, குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றி, மார்பில் முடிச்சுப் போடச் சொன்னேன். மச்சான் இழுத்துக் கட்டினார். இடது கையில் துளி பாரம் இல்லை. உங்கள் அம்மா முகம் நாலு நாளில் முதல் தடவையாக மலர்ந்தது. கோவிந்தா என்று காலை வைத்தேன்.

மூவாயிரத்துச் சொச்சம் படி. பாதி மலையில் நிற்கிற காலி கோபுரம் வரைக்கும் பெரியவன் என் காதைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டினான். பிறகு தூங்கினான். தூங்குகிற பிள்ளை இரண்டு பிள்ளை கனம். மோக்கால மிட்ட என்று தெலுங்கில் சொல்கிற முழங்கால் மேட்டில் படி ஒவ்வொன்றும் முழ உயரம். உங்கள் அம்மாவும் மச்சானும் மேலே போய் இடம் பிடித்து வைக்கிறோம் என்று முன்னால் போய்விட்டார்கள். நான் படிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறினேன்.

அந்த மேட்டின் பாதியில் பெரியவன் விழித்துக்கொண்டான்.

"நைனா, ஒண்ணுக்கு."

இன்னும் கொஞ்சம் பொறு கண்ணா என்றேன். பெரியவனே, நாலு படி பொறுத்தாய். அதற்கு மேல் உன் குரலே சொல்லிவிட்டது, பொறுக்க மாட்டாய் என்று. ஒரே கையால் முடிச்சை அவிழ்த்தேன். ஒரே கையால் உன்னை அந்தரத்தில் பிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. நீ நழுவி, இரண்டு காலும் ஊன்றி, அந்தப் படியில் நின்றாய். ஓரத்துப் புதரில் ஜோராகப் பெய்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

முன்னும் பின்னும் பார்த்தேன். தெரிந்தவர் யாரும் இல்லை. வந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் துணியைக் கட்டிவிடச் சொன்னேன். கட்டிவிட்டு அவர் கோவிந்தா என்றார். நானும் கோவிந்தா என்றேன், கொஞ்சம் சின்னக் குரலில்.

மேலே மாமன் மடியில் உட்கார்ந்து பெரியவன் மொட்டை அடித்துக்கொண்டான். ஊரே கேட்கிற மாதிரி அழுதான். உங்கள் அம்மா அவன் தலைக்குச் சந்தனம் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"கால் படாம கொண்டாந்துட்டீங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாலு நாள் நடந்த கால், மூணு வருஷம் சுமந்த பயம், எல்லாம் இறங்கி அவள் அப்படி உட்கார்ந்திருந்தாள். கை வலிக்கிறது என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். இப்போது பரவாயில்லை.

மறுநாள் காலையில் அவர்கள் மூணு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கடையில் ஒரு பொட்டலம் மஞ்சளும் ஒரு பொட்டலம் குங்குமமும் வாங்கினேன். சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஏறி வருகிறவர்களுக்கு எதிராக முழங்கால் மேட்டில் பாதி வரைக்கும் இறங்கினேன். பொம்பளைகள் படிக்குப் படி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறுவார்கள், பார்த்திருப்பீர்கள். எனக்கு ஒரே ஒரு படிதான். ஓரத்துப் புதரை வைத்து அதைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். துண்டால் துடைத்து, மஞ்சளைக் குழைத்துப் பூசி, மூன்று பொட்டு வைத்தேன். அது காய்கிறவரைக்கும் யாரும் மிதிக்காமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.