மீட்டர்க்காரர் விசாரித்த அமைதி

எங்கள் அறக்கட்டளை, மடத்தில் தங்கிப் பௌத்தம் படிக்கவும் தியானம் பழகவும் விரும்புகிறவர்களுக்கு மூன்று மாதச் செலவைக் கொடுக்கிறது. கேட்பவர் நிஜமாகவே பழகுகிறாரா, சும்மா காற்று வாங்கப் போகிறாரா என்று விசாரிப்பது மீட்டர்க்காரரின் வேலை. முன்பு வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்தவர், பெயர் ஒட்டிக்கொண்டது. தெருவில் நின்று மூன்றாம் மாடியை அழைத்துப் பழகிய குரலும் ஒட்டிக்கொண்டது. அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்து என் காது பாதி போய்விட்டது.

"மனசு அமைதியாயிடுச்சான்னு அந்த ஆளையே கேட்டா ஆமான்னுதான் சொல்வான். பக்கத்து வீட்டுல கேக்கணும். மாறியிருக்கானா இல்லையான்னு அவங்களுக்குத்தான் தெரியும்" என்பார். பற்றறுப்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிய ஒருவர், மொட்டை மாடிக் கொடியில் அடுத்தவர் துணியைக் காயவிடமாட்டார் என்று தெரிந்ததும், "கிடையாது" என்று சொல்லிவிட்டு வந்த மனிதர் இவர்.

போன மாதம் அவர் மனைவியே உதவி கேட்டார். தையல் கடை வைத்திருக்கும் அக்கா, ஒரு வருடமாக விடிவதற்கு முன் எழுந்து தியானத்தில் உட்காருகிறவர். மீட்டர்க்காரர் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு வந்தார்.

"இவளுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? ஏற்கெனவே வாயில்லாப் பூச்சி. இவ போயிட்டா எனக்கு யாரு சமைப்பா?"

கடைசிக் கேள்விதான் நிஜக் கேள்வி என்று எனக்குத் தெரியாதா?

சொந்த மனைவியை அவர் விசாரிக்கக் கூடாது என்று அறக்கட்டளைத் தலைவியம்மா என்னை அனுப்பினார். நானும் மீட்டர்க்காரர் வழியிலேயே போய், அவர் வீட்டுக்கு மேலே இருக்கும் மாடி வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் ஓய்வு பெற்ற நர்ஸ்.

"மாற்றமா? நல்லா கேட்டீங்க போங்க! முன்னெல்லாம் அவர் கத்துறது மட்டும்தான் கேக்கும். இப்ப ஒரு வருஷமா அந்தம்மாவும் பதில் பேசறாங்க."

தியானம் பழகி வாயாடியானவருக்கு எந்த அறக்கட்டளை கொடுக்கும்? பொய் சொல்லவும் மனம் வரவில்லை. கூட்டத்தில், கேட்டதை அப்படியே சொன்னேன். மீட்டர்க்காரரின் முகத்தில் அப்படியொரு பிரகாசம்!

தலைவியம்மா அவர் பக்கம் திரும்பினார். "என்ன பதில் பேசுவாங்க?"

"என்ன... 'பக்கத்துலதான் நிக்கறேன், மெதுவா சொல்லுங்க, கேக்குது'ம்பா."

"திட்டுவாங்களா?"

"சேச்சே. சிரிச்சுக்கிட்டே சொல்வா."

"இதுக்கு முன்னாடி?"

"முன்னாடியெல்லாம் நான் சத்தம் போட்டா சமையலறைக்குள்ள போயிடுவா." மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அன்றுதான். "பயந்துதான் போயிருக்கா. நான் அதை அமைதின்னு நெனச்சுட்டேன்."

பிறகு யாரும் கேட்காமலே, "மாறித்தான் இருக்காம்மா. குடுத்துடுங்க" என்றார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மேல் இருந்த எரிச்சலும் முழுசாகப் போய்விடவில்லை.

அக்கா கிளம்பிய அன்று வழியனுப்பப் போனேன். மீட்டர்க்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"போர்வை எடுத்தியா? மாத்திரை எடுத்தியா? அங்க மூணு மாசமும் பேசவே கூடாதாமே? நானும் இங்க பேசாம இருந்து பார்க்கட்டுமா?"

"மூணு மாசம் கிடக்கட்டுங்க," என்றார் அக்கா. "முதல்ல பஸ் ஸ்டாப் வரைக்கும் இருந்து பாருங்க."

தெருமுனை வரை தாக்குப்பிடித்தார்.