சத்தியபாயின் கைக்கு ஒரு துப்பாக்கி

சிதறாலைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் சத்தியபாயைத் தெரியும். மிஷன் ஆஸ்பத்திரியில் படித்துத் தேறிய மருத்துவச்சி. கையில் தோல் பை, ஓட்டமும் நடையுமான போக்கு. எந்தத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தாலும் மறு பேச்சில்லாமல் கிளம்பிவிடுவாள்.

அவள் புருஷன் குமாரதாஸ் லாரி டிரைவர். கல்யாணமான மறு வருஷம் மலாயாவுக்குக் கப்பல் ஏறினான். பிறகு யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. திரும்பி வந்தவர்களில் ஒருவர், ஜப்பான்காரன் அவனை சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துப் போனதாகச் சொன்னார். இன்னொருவர், சண்டை முடிந்த பிறகு ஈப்போ கடைவீதியில் அவனைப் பார்த்ததாகச் சொன்னார். சத்தியபாய் இரண்டாவது ஆள் சொன்னதையே நம்பினாள்.

1951-இல் ஒரு சாயங்காலம் தோட்டத்திலிருந்து இறங்கி வரும்போது இரண்டு பேர் மறித்தார்கள். ஒருவன் வாயைப் பொத்தினான். மற்றவன் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். கழுத்துக் காயம் சீக்கிரம் ஆறிவிட்டது. ஊர்வாய்தான் ஓயவில்லை. "கர்த்தரே தாலிய எடுத்துட்டாரு மக்கா. இனியாவது மனசத் தேத்திக்கோ" என்று சர்ச் வாசலில் ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். சத்தியபாய் கையை உருவிக்கொண்டு நேராகத் தட்டானிடம் போய், சின்னதாக ஒரு தாலி செய்யச் சொன்னாள்.

அதன் பிறகுதான் துப்பாக்கி லைசன்ஸுக்கு எழுதிப் போட்டாள். எஸ்டேட் மேனேஜர் சிபாரிசு செய்தார். விசாரித்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. "பிள்ளை எடுக்கிற கையில துப்பாக்கியா?"

"அந்தக் கை வீடு வந்து சேரணும்லா சார்" என்றாள்.

லைசன்ஸ் கிடைத்ததும் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினாள். குமாரதாஸின் தங்கை நேசம்மாளும் கூட வந்தாள். தையல் வேலை செய்யும் அவள், அண்ணன் போன நாளிலிருந்து மைனியோடுதான் இருந்தாள்.

துப்பாக்கிக் கடைக்காரர் வயசாளி. முதலில் ஒரு பிஸ்டலை எடுத்து வைத்தார். "தட்டையா இருக்கும், பையில கிடக்கறதே தெரியாது. ஆனா சுடணும்னா மேல உள்ள இந்த இரும்பைப் பின்னால இழுக்கணும்." சத்தியபாய் இழுத்துப் பார்த்தாள். வயிற்றுக்குள் குறுக்கே கிடக்கும் பிள்ளையைத் திருப்பத் தெரிந்த விரல்களுக்கு அந்த இரும்பு பாதிதான் இணங்கியது.

"அப்போ ரிவால்வர்தான் சரி. ஒரு தோட்டா வெடிக்கலேன்னாலும் மறுபடி அழுத்தினா அடுத்தது வந்திரும். பயந்து நிக்கிற நேரத்துல யாருக்கும் யோசனை ஓடாது பாருங்க" என்று அவர் இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்று குட்டையானது. மற்றது நீண்ட குழலும் கறுத்த மரப்பிடியும் உள்ளது.

அவள் கை பெரியதைத்தான் எடுத்தது. தூக்கிப் பிடித்தாள். கனத்தில் மணிக்கட்டு தாழ்ந்தது. விசைக்கு விரல் நுனிதான் எட்டியது. ஆனால் கீழே வைக்க மனமில்லை. பிடியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"விரல் எட்டலையே சிஸ்டர்" என்றார் கடைக்காரர்.

"பழகிரும்."

நேசம்மாள் அருகில் வந்து மெல்லச் சொன்னாள். "மைனி, இது அண்ணன் கைக்கு உள்ளதாக்கும்."

கடைக்காரர் திரும்பி நின்று கண்ணாடி அலமாரியைத் துடைக்கத் தொடங்கினார்.

"வந்தா அவுகளும் எடுத்துக்கிடலாம்லா" என்றாள் சத்தியபாய்.

"அண்ணன் வந்தா ஒங்களுக்கு இது எதுக்கு மைனி?"

சத்தியபாய் பெரியதை மெதுவாக மேசையில் வைத்தாள். குட்டையானதை எடுத்தாள். அது உள்ளங்கையில் அடங்கியது, விரல் சரியாக எட்டியது. பஸ்ஸில் வரும்போது தக்கலை வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பைக்குள் பஞ்சுக்கும் கத்தரிக்கும் அடியில் கிடந்தால் சமயத்துக்கு உதவாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நேசம்மாள் பையின் பக்கவாட்டில் தனியாக ஓர் உறை தைத்துக் கொடுத்தாள்.

மூன்று வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மழைநாள் மத்தியானம், ரப்பர் மரங்களுக்கிடையே தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் காலடி கேட்டது. "நில்லுங்க! நில்லுங்க!" என்று ஓர் ஆண்குரல். திரும்பினாள். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருவன் ஓடி வந்தான். வலது தோளைச் சற்றுச் சாய்த்து, நீளமாகக் கால் வைத்து ஓடும் ஓட்டம். குமாரதாஸ் அப்படித்தான் ஓடுவான்.

சாக்கை விலக்கியபோது ரப்பர் பால்வெட்டுக்காரன் செல்வனின் முகம் தெரிந்தது. அவன் பெண்டாட்டிக்கு வலி கண்டிருந்தது. அப்போதுதான் சத்தியபாய் தன் கையைக் கவனித்தாள். அது பைப்பக்கம் போகவே இல்லை. நனைந்த முன்மயிரைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு நின்றது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து நேசம்மாளிடம் சொன்னாள்.

"கள்ளனா இருந்தா என்ன செய்திருப்பிய மைனி?"

"முடிய ஒதுக்கிக்கிட்டு நின்னிருப்பேன்" என்று சிரித்தாள். சிரிப்பை முடிக்க முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நேசம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகும் அவள் அந்தப் பாதையில்தான் நடந்தாள். துப்பாக்கி யார்மேலும் வெடிக்கவில்லை. குமாரதாஸ் வரவுமில்லை. ஏதாவது ஆண்குரல் பின்னாலிருந்து கூப்பிட்டால் மட்டும், உடனே திரும்பாமல் ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்புவாள்.