பஸ்ஸில் கேட்ட பாதி வாக்கியம்

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பசுமலையில் மூன்று மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்விட்டு, ஒரு பெரிய ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ கொடுத்திருந்தேன். மறுநாள் காலை நானும் என் கணவரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அந்த ஹோட்டல் மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"ஐ ஆம் வெரி ஹேப்பி தட்..." என்றார். அதோடு சிக்னல் போய்விட்டது.

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. "கிடைச்சிருச்சுங்க!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கணவர், "என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"ரொம்ப சந்தோஷமாம்."

"எதுக்குச் சந்தோஷம்? நீ இன்டர்வியூக்கு வந்ததுக்கா, வேலை குடுக்குறதுக்கா?"

அவர் கேட்டது நியாயம்தான். தமிழில் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் சந்தோஷம் என்று முடிப்போம். இங்கிலீஷில் சந்தோஷம் முதலில் வந்துவிடுகிறது, விஷயம் 'தட்'டுக்குப் பின்னால் நிற்கிறது. எனக்கு வந்தது முன்பாதி மட்டும்.

அடுத்த ஸ்டாப்பிலேயே இருவரும் இறங்கினோம்; நான் மேனேஜரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"சார், ஆர் யூ ஷ்யூர் தட் ஐ காட் தி ஜாப்?" நிச்சயமாக வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்க நினைத்தது தடுமாறாமல் அப்படியே வந்துவிட்டது!

அவர் சிரித்தார். "ஐ ஆம் ஷ்யூர் தட் யூ ஆர் ஜாய்னிங் ஆன் மண்டே."

இந்த முறை கடைசிச் சொல்வரை கேட்டேன். "ஏங்க, திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்றாரு!" என்றேன்.

"அம்புட்டுத்தான், சாதிச்சிட்ட!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க ரோட்டோரத்திலேயே குதித்தார் என் கணவர்.