கட்டிலருகே எடுத்த செல்ஃபி

அரிமளத்திலிருந்து வேனில் போயிருந்தோம். தேசத் தலைவர் ஒருவர் வாழ்ந்த வீடு, இப்போது நினைவில்லம். அவர் உயிர்விட்ட கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அதையொட்டி நின்று சிரித்தபடி செல்ஃபி எடுத்து, எடுத்த கையோடு குடும்ப குரூப்பில் போட்டேன். மாமியாரோ காவலாளியிடம், "கடைசியில ரொம்பச் சிரமப்பட்டாராங்க?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தார். எனக்கு மானம் போனது.

"அவர் செத்து எத்தனை வருசமாச்சு! வாங்க அத்தை" என்று இழுத்துவந்தேன். வாசலில் காவலாளியிடம், "போயிட்டு வாரோம்ங்க" என்றேன்.

அத்தை என் கையைக் கிள்ளினார். "எழவு வீட்டுல சொல்லிக்கிட்டா கெளம்புவாக?"

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். அது எழவு வீடு என்றுதான் தோன்றவில்லை.

வேனில் ஏறியதும் படத்தைத் திறந்தேன். என் பல்வரிசைக்குப் பின்னால் அவருடைய தலையணை. அழிக்கப் போனால், கொழுந்தன் அதற்குள் "சூப்பர் அண்ணி" என்று போட்டிருந்தார்.